எங்கள் பேரைச் சொல்லி அடைத்த கதவு

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்: நான் 'ஸ்டார் ட்ரெக்' ரசிகை. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டுச் சேரிக் கூட்டங்களில் பேசுகிறவளுக்கு விண்வெளிக் கப்பல் எதுக்கு என்று தோழர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஒரே அத்தியாயத்தை ஏழெட்டு முறை பார்க்கிற கிறுக்கு எனக்கு. அந்தக் கிறுக்கு உள்ளவள்தான் கணக்கும் கேட்கமுடியும் என்பது என் கட்சி.

1966 செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது இத்தொடர். அதன் எதிர்காலப் பூமியில் நிறவெறி ஒழிந்துவிட்டது. கப்பலின் தகவல்தொடர்பு அதிகாரி உஹுரா, கறுப்பினப் பெண். சுவாஹிலியில் 'உஹுரு' என்றால் விடுதலை. தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்று 1967-68இல் பேச்சு வந்ததும், பீஜோ - ஜான் ட்ரிம்பிள் தம்பதியர் முன்னின்று திரட்ட, ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள். தொடர் இன்னொரு பருவம் பிழைத்தது. ரசிகர் என்றால் சும்மா கைதட்டுகிற ஆள் இல்லை.

சரி, விடுதலை என்று பேர் வைத்தவளுக்கு என்ன வேலை கொடுத்தார்கள்? பெரும்பாலும், அழைப்பு வந்திருக்கிறது என்று கேப்டனுக்குச் சொல்கிற வேலை. தன் வசனங்கள் வெட்டுப்படுவதில் அலுத்துப்போன நடிகை நிஷெல் நிக்கல்ஸ் முதல் பருவத்தோடு விலக நினைத்தார். போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டவரும் ஒரு ரசிகர்தான்: மார்ட்டின் லூதர் கிங். நிக்கல்ஸே பலமுறை சொன்ன சேதி இது. யார் சரி? ரெண்டு பேரும்தான். கிங் பார்த்தது திரையில் கிடைத்த இடத்தை. நிக்கல்ஸ் பட்டது அந்த இடத்தில் பறிபோன பேச்சை.

1968 நவம்பரில் வந்த கர்க் - உஹுரா முத்தத்தை இன்றும் கொண்டாடுகிறோம். கதையில் அவர்கள் விரும்பியா முத்தமிட்டார்கள்? வேற்றுக்கிரகத்தார் மனோசக்தியால் ஆட்டிவைக்கிறார்கள்! நிறவெறி ஒழிந்த காலத்திலும் ஆசைப்பட அனுமதி இல்லை.

பிறகு தொடரே தன்னைக் கேள்வி கேட்டுக்கொண்டது. 'டீப் ஸ்பேஸ் நைன்' வரிசையில் 1998இல் வந்த 'ஃபார் பியாண்ட் த ஸ்டார்ஸ்', நாயகன் ஏவரி புரூக்ஸே இயக்கிய அத்தியாயம். 1953, நியூயார்க். பென்னி ரஸ்ஸல் என்ற கறுப்பு எழுத்தாளர் அறிவியல் புனைகதை இதழொன்றில் வேலை செய்கிறார். வாசகர்களுக்காக எழுத்தாளர்களைப் படமெடுக்கும் நாளில் அவரும் ஒரு பெண் எழுத்தாளரும் வரவேண்டாம் என்கிறார்கள். அவருடைய கறுப்புக் கேப்டன் கதையைக் கனவாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றியும் உரிமையாளர் அந்த இதழையே அழித்துவிடுகிறார். வேலையும் போகிறது.

வெறும் கற்பனை என்று தள்ளமுடியாது. தன் 'நோவா' நாவலைத் தொடராக வெளியிட 'அனலாக்' ஆசிரியர் ஜான் கேம்பல் மறுத்ததை சாமுவேல் டிலேனி எழுதியிருக்கிறார். சொல்லப்பட்ட காரணம்: கறுப்பு நாயகனை வாசகர்கள் ஏற்கமாட்டார்கள்.

யாரு அந்த வாசகர்கள்? நாம்தானே! நம்மைக் கேட்காமலே நம் பேரைச் சொல்லிக் கதவை அடைத்தார்கள். 2017இல் 'டிஸ்கவரி'யில் சோனெக்வா மார்ட்டின்-கிரீன் என்ற கறுப்புப் பெண் நாயகியானபோது, ரசிகர் என்ற பேரிலேயே சிலர் கூச்சல் போட்டார்கள். கேம்பல் சொன்னதை மெய்யாக்க வந்த ஆட்கள்.

இதை இந்த இதழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. "எனக்கொண்ணுமில்லை, ஊர் ஒத்துக்காது" என்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தொடரைக் காப்பாற்றக் கடிதம் எழுதின பேனாவே போதும், உஹுராவின் பேச்சு எங்கே என்று கேட்க. கேட்கிறவள்தான் ரசிகை.