முளையில் கட்டாத சைக்கிள்

வெள்ளிக்கிழமை என்றால் ஒடுகத்தூரில் ஆட்டுச்சந்தை. ஜவ்வாது மலையிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் ஆடுகள் வந்து இறங்கும். அப்படியொரு வெள்ளிக்கிழமை, பதினொன்றாம் வகுப்பில் என் மகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் காணாமல் போனது. அவள் பூட்டாமல் விடவில்லை. பின்சக்கரத்தைப் பூட்டிச் சாவியைப் பையில் வைத்திருந்தாள். சாவி இன்னும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

எங்கள் தெரு வெல்டிங் பட்டறைத் தம்பியிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "ணா, சக்கரத்ததான பூட்டனீங்க? வண்டிய அப்டியே தூக்கினு போனா யாரு தடுப்பா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான்கு வகைப் பூட்டுகளையும் ஒரு புளூடூத் வில்லையையும் வாங்கினேன். ஆறு வாரம் ஒரு பழைய சைக்கிளில் மாட்டிப் பார்த்தேன். சோதனைகள் மூன்று. கட்டிங் பிளேயர், ஆக்சா பிளேடு, போல்ட் கட்டர் ஆகியவற்றுக்கு எவ்வளவு நேரம் தாங்குகிறது? வெயிலிலும் மழையிலும் கிடந்த பிறகும் ஒழுங்காகத் திறக்கிறதா? புத்தகப் பையோடு போகும் பள்ளிப் பிள்ளையால் இதை நாள்தோறும் பயன்படுத்த முடியுமா?

வீல் லாக்

சைக்கிளோடு சேர்ந்தே வரும் குதிரைலாட வடிவப் பூட்டு. இதன் நல்ல குணம், பூட்டினால்தான் சாவி கையோடு வரும். அதனால் சாவி எளிதில் தொலையாது. இறங்கியதும் ஒரு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது. சந்தையில் யாரோ ஏறி மிதித்துக்கொண்டு போவதை இது நிச்சயம் தடுக்கும்.

ஆனால் பின்பக்கத்தைத் தூக்கி முன்சக்கரத்தில் உருட்டினால் வண்டி கூடவே வருகிறது. நானே உருட்டிப் பார்த்தேன். தெருமுனை வரை போக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மினி லாரியில் தூக்கிப் போட இரண்டு பேர் போதும். மலிவான பூட்டுகளில் சாவி வகைகளும் குறைவு. நான் வாங்கிய இரண்டு பூட்டுகளில் ஒன்றின் சாவி மற்றதையும் திறந்தது.

நம்பர் கேபிள் லாக்

பிள்ளைகளுக்குப் பிடித்த பூட்டு இதுதான். எடை குறைவு, சாவி வேண்டாம், வேப்பமரத்தைக்கூடச் சுற்றிக் கட்டலாம். நான்கு எண் என்பதால் 10,000 சேர்க்கைகள். கேட்க நிறையவாகத் தோன்றும். ஆனால் அவசரத்தில் நம்மில் பலர் கடைசி ஓர் எண்ணை மட்டும் தள்ளிவிட்டுப் போகிறோம். ஒன்பது முயற்சிக்குள் அது திறந்துவிடும்.

பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த எஃகு நூல்களோ விரலைவிட மெலிது. சாதாரணக் கட்டிங் பிளேயரால் தம்பி நாலைந்து கடியில் அறுத்தார். மழையில் நனைந்து புழுதி படிந்த பிறகு எண் சக்கரங்களும் இறுகிக்கொண்டன. ஹெல்மெட்டையோ சீட்டையோ கட்டிவைக்க இது போதும். சைக்கிளை இதை நம்பி விடாதீர்கள்.

செயினும் திண்டுக்கல் பூட்டும்

செயினில் இரண்டு வகை வாங்கினேன். இரும்புக் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் சாதாரணச் செயினைப் போல்ட் கட்டர் ஒரே அழுத்தில் துண்டாக்கியது. சூடேற்றிக் கடினமாக்கிய 8 மி.மீ. செயின் வேறு ரகம். ஆக்சா பிளேடு அதன்மேல் வழுக்கியது, பற்கள் மழுங்கின. கையடக்கப் போல்ட் கட்டர் பள்ளம் மட்டும் பதித்தது. ஆளுயரக் கட்டரைத் தரையில் ஊன்றி உடல் எடையைப் போட்ட பிறகுதான் அறுந்தது. சந்தைக் கூட்டத்தில் அதை யாரும் மறைவாகச் செய்ய முடியாது.

இதற்குத் துணையாகத் திண்டுக்கல்லில் இருந்து வாங்கி வைத்திருந்த பூட்டைப் போட்டேன். கைவேலைக்குப் பெயர் பெற்ற அந்த ஊர்ப் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆறு வாரம் வெளியில் கிடந்தும் இரண்டு சொட்டு எண்ணெயில் புதிதுபோலத் திறந்தது. குறை என்றால் எடைதான். சீட்டுக்குக் கீழே சுற்றிவைத்தால் மகளுக்கு அது தடையாக இல்லை.

யு-லாக்

வலிமையில் இதுவே முதலிடம். பட்டறையில் மின்சாரக் கிரைண்டர் இல்லாமல் இதை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: குழாய் போன்ற வட்டச் சாவி வேண்டாம், தட்டைச் சாவி உள்ளதை வாங்குங்கள். 2004இல் அமெரிக்காவில் வட்டச் சாவி யு-லாக்குகளைப் பால்பாயிண்ட் பேனாவின் உறையால் திறந்து காட்டினார்கள். உற்பத்தியாளர்கள் வடிவத்தையே மாற்ற வேண்டிவந்தது.

நம் ஊரில் இதற்கு வேறொரு சிக்கல். யு-லாக்கின் வாய் சிறியது. மின்கம்பத்துக்கும் மரத்துக்கும் எட்டாது. மெல்லிய கம்பி வேண்டும். நம் பஸ் நிலையத்தைச் சுற்றி வந்தேன், பொருத்தமான இடம் ஒன்றுகூட அகப்படவில்லை.

புளூடூத் வில்லை

சீட்டுக்குக் கீழே ஒளித்துவைக்கும் சின்ன வில்லை இது. இதற்குள் சிம் கிடையாது. பக்கத்தில் போகிறவர்களின் ஸ்மார்ட்போன்கள்தான் அது இருக்கும் இடத்தை நமக்குச் சொல்லும். கடைத்தெருவில் சில நிமிடத்துக்கு ஒருமுறை இடம் காட்டியது. மைத்துனரை வண்டியோடு மலைப்பாதைப் பக்கம் அனுப்பினேன். ஊர் எல்லை தாண்டியதும் தகவல் நின்றது. அவர் திரும்பி வரும்வரை போனில் பழைய இடமே தெரிந்தது. ஆளும் சிக்னலும் நிறைந்த வேலூருக்கு இது உதவும். மலையடிவாரத்தில் இதைமட்டும் நம்ப முடியாது.

பேர் வெட்டுங்கள்

ஆறு வாரத்தில் நான் செய்த மிகப் பயனுள்ள செலவு எந்தப் பூட்டும் அல்ல. எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டித் தருகிறவரிடம் சைக்கிளைக் கொண்டுபோய், ஃபிரேமில் மகளின் பேரையும் ஊரையும் வெட்டச் சொன்னேன். வெட்டிய இடம் துருப்பிடிக்காமல் நிறமில்லாத நகப்பூச்சு தடவினேன்.

இது ஏன் முக்கியம்? விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, 2005-06இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் எல்லாப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. ஊருக்கு ஊர் ஒரே நிறம், ஒரே உருவம். தொலைந்தது எதிரே வந்து நின்றாலும் நம்முடையது என்று சொல்ல ஆதாரம் வேண்டும். பேர் வெட்டிய அண்டாவைப் போல, பேர் வெட்டிய சைக்கிளை விற்பதும் கடினம். ஜப்பானில் 1994 முதல் சைக்கிளைப் பதிவுசெய்து எண் ஒட்டுவது கட்டாயம்.

நம்மிடமும் எண் உண்டு. பெடல் அச்சுக்கு அடியிலோ சீட் குழாயிலோ ஃபிரேம் எண் பொறித்திருக்கும். அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேயுங்கள், எண் பதியும். அதோடு ஒரு படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து வையுங்கள். இவை இருந்தால் காவல் நிலையத்தில் புகாரை உறுதியாக எழுதலாம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மறக்காமல் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. ஆகவே பொருளின் விலையைக் காட்டும் ரசீதுக்கும் மதிப்பு உண்டு.

என் முடிவு

பள்ளிப் பிள்ளைக்கு நான் பரிந்துரைப்பது: கூடவே வந்த வீல் லாக், கடினமாக்கிய 8 மி.மீ. செயின், நல்ல பூட்டு, ஃபிரேமில் வெட்டிய பேர். செயின் சக்கரத்தை மட்டும் சுற்றக் கூடாது. ஃபிரேம், பின்சக்கரம், அசையாத ஒரு பொருள், மூன்றையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை சந்தையில் நின்று பார்த்தேன். ஆட்டின் கால்களைக் கட்டி யாரும் விட்டுப் போகவில்லை. கயிற்றின் மறுமுனை முளையிலோ கம்பத்திலோ வண்டியிலோ இருந்தது. வீல் லாக் வெறும் கால்கட்டு. செயின்தான் முளைக்கயிறு. ஆனால் முளை எங்கே?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரின் பேரால் அழைக்கப்படும் சைக்கிள் நிறுத்தம் ஒன்று உண்டு. இரும்புக் குழாயைத் தலைகீழ் ‘ப’ போல வளைத்துத் தரையில் கான்கிரீட் போட்டு நிறுத்துவார்கள். ஒன்றில் இரண்டு சைக்கிள் கட்டலாம். பட்டறைத் தம்பி அரை நாளில் ஒன்று செய்து காட்டினார். யு-லாக்கும் அதில் பொருந்தியது. பஸ் நிலையத்திலும் பள்ளி வாசலிலும் சந்தையிலும் பேரூராட்சி இதை நட்டுத் தர வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறேன். என் மகள் இப்போது அவள் அத்தையின் பழைய சைக்கிளில் போகிறாள். அதைக் கட்ட அவளுக்கு ஒரு முளை வேண்டும்.