தண்ணீருக்குச் சுருதி கூட்டுவது

சென்னை யானைக்கவுனியில் ஒரே வீட்டுக்குள் மூன்று தண்ணீர் இருக்கும். அடிபம்பில் வரும் மெட்ரோ வாட்டர், மோட்டார் போட்டால் ஏறும் போர் தண்ணீர், வாசலில் வந்து இறங்கும் 20 லிட்டர் கேன். மூன்றிலும் ஒரே காபிப் பொடியைப் போட்டு டிகாஷன் இறக்கிப் பாருங்கள். போர் தண்ணீரில் இறங்கியது மங்கி, சப்பென்று கிடக்கும். கேன் தண்ணீரில் இறங்கியது மெலிந்து, புளிப்பு தூக்கலாக இருக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் முந்திக்கொண்டு வரும். நாமோ பொடிக்கடைக்காரரைத்தான் திட்டுவோம். தண்ணீரை முதலில் விசாரித்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பவர்கள் பியர் வடிப்பவர்கள். அந்த ஒரு குணத்துக்காகவே அவர்கள் கலைமேல் எனக்குப் பெரிய மதிப்பு.

இந்த வட்டாரத்துக்கும் அந்தக் கலைக்கும் பழைய உறவு உண்டு. துறைமுகம் கட்டாத காலத்தில் கப்பல்கள் கடலில் தள்ளி நிற்க, மசூலா படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கைக் கரைசேர்த்தன. இங்கிலாந்திலிருந்து பேல் ஏல் பீப்பாய்கள் அப்படித்தான் வந்து இறங்கின. முதலில் கொடிகட்டிப் பறந்தது லண்டனில் ஹாட்ஜ்சன் வடித்த பியர். 1820களில் பர்ட்டன் ஊரின் ஆல்சாப்பும் பாஸும் சந்தைக்குள் வந்தார்கள். பர்ட்டன் பியரின் தெளிவுக்கும் துடிப்பான கசப்புக்கும் முன்னால் லண்டன் சரக்கு பின்வாங்கியது. கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்காரர்கள் குடித்ததோ, 1772இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, யானைக்கவுனிக்குப் பக்கத்து ஏழு கிணற்றுத் தண்ணீர். மாதக்கணக்கில் கடல் கடந்து பீப்பாயில் வந்தது பர்ட்டன் கிணற்றுத் தண்ணீர்.

அந்தக் கிணறுகளின் ரகசியம் ஜிப்சம். நிலத்தடி ஜிப்சப் படுகையில் ஊறிய தண்ணீரில் கால்சியமும் சல்பேட்டும் ஏராளம். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைக்கும்போது, கால்சியம் அதிலுள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து கூழின் பிஹெச் அளவை இறக்கும். 5.2க்கும் 5.6க்கும் நடுவில் நின்றால் மாவுச்சத்து நன்றாகச் சர்க்கரையாகும். சல்பேட்டின் வேலை நாக்கில்: ஹாப்ஸ் பூவின் கசப்பை இழுபடாமல் நறுக்கென்று முடித்துவைக்கும். பில்சன் ஊரில் தாது மிகக் குறைந்த மென்னீர். 1842இல் அங்கே பிறந்த பொன்னிற லாகரின் மென்மைக்கு அதுவும் காரணம். டப்ளின் தண்ணீரிலோ பைகார்பனேட் அதிகம். வெளிர் பியருக்கு அது ஆகாது. கருக வறுத்த தானியத்தின் புளிப்புத்தான் அதைச் சமன்செய்யும். கறுப்பு ஸ்டௌட் அங்கே செழித்தது இப்படித்தான். தண்ணீரை மாற்ற வழியில்லாத காலத்தில் பியரைத் தண்ணீருக்கேற்ப வளைத்த அந்த ஊர்க்காரர்களின் கைப்பக்குவம் வியப்பானது.

இன்று தண்ணீரையே வளைக்கலாம். வீட்டில் பியர் வடிக்க நம் மாநிலச் சட்டம் இடம் தராது. பிரிட்டனில் 1963 முதல் உரிமம் இல்லாமலே வடிக்கலாம். அங்கே வீட்டில் வடிப்பவர் ஒரு தடவைக்கு வடிப்பது பெரும்பாலும் நம் கேன் கொள்ளும் அளவுதான். முதல் வேலை குளோரினைப் போக்குவது. விட்டுவைத்தால் தானியத்தின் பீனாலோடு சேர்ந்து ஆஸ்பத்திரி வாடையைக் கொடுக்கும். குளோரின் மட்டும் என்றால் கொதிக்க வைத்தால் போய்விடும். குளோரமின் என்றால் சிட்டிகை பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் வேண்டும். பிறகுதான் சுருதி சேர்ப்பது. தாதுவை வடிகட்டி எடுத்துவிட்ட 20 லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் ஜிப்சம் கரைத்தால் லிட்டருக்குச் சுமார் 12 மில்லிகிராம் கால்சியமும் 28 மில்லிகிராம் சல்பேட்டும் ஏறும். கசப்பு எடுப்பாக வேண்டுமென்றால் ஜிப்சம். தானியத்தின் இனிப்பு உருண்டு வரவேண்டுமென்றால் கால்சியம் குளோரைடு. ரசத்துக்கு உப்புப் போல, கை மீறினால் திருப்பி எடுக்க முடியாது. ஆகவே கண்ணளவு உதவாது, கிராம் தராசுதான். பர்ட்டன் அளவை அப்படியே பிரதியெடுக்கிறேன் என்று ஜிப்சத்தைக் கொட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; கசப்பு முரடாகித் தானியம் காணாமல் போய்விடுகிறது.

இந்த ஞானத்தில் பாதி நம் டபராவுக்கும் பொருந்தும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கால்சியம் பைகார்பனேட் வெள்ளைப் படிவாக அடியில் தங்கிவிடும். ஆறவிட்டுத் தெளிவை இறுத்துக்கொள்ளலாம். டீயின் மேல் ஆடைபோலப் படரும் பளபளப்பும் குறையும். ஆனால் கடலோரத்து போர் தண்ணீரின் உப்பு கொதித்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட ஏறத்தான் செய்யும். அதற்குக் கலப்பு ஒரு வழி. காபிக்கு அந்தத் தண்ணீரை நான் தொடுவதே இல்லை. இளவறுப்பு பீபெரி என்றால் கேன் தண்ணீர் மூன்று பங்குக்குக் கொதித்துத் தெளிந்த மெட்ரோ தண்ணீர் ஒரு பங்கு; பழப்புளிப்பு கெடாமல் டிகாஷனில் உடம்பு ஏறும். கருக வறுத்துச் சிக்கரி கலந்த பொடிக்குச் சரிபாதி போட்டாலும் தாங்கும், பால் சேர்த்த பிறகும் காபி முன்னால் நிற்கும்.