ஊஞ்சலோடு நின்றுவிட்ட ஒத்ததிர்வுப் பாடம்

மேனிலைப் பள்ளி இயற்பியலில் ஒத்ததிர்வு எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஊஞ்சல், பாலத்தின் மேல் நடைபோடும் படைவீரர், இசைக்கவை, கடைசியில் வானொலிப் பெட்டி. தூண்டல் மின்மறுப்பும் தேக்கியின் மின்மறுப்பும் சமமாகும் அதிர்வெண்ணில் மின்னோட்டம் பெருமமாகும். அதைக் கொண்டு வேண்டிய நிலையத்தைப் பிடிக்கலாம். கணக்கு சரியே. ஆனால் இப்பாடம் மாணவன் மனத்தில் இரண்டு தவறான எண்ணங்களை ஊன்றிவிடுகிறது என்பது என் குறை. வெளியிலிருந்து அதே அதிர்வெண்ணில் தள்ளினால்தான் அதிர்வு பெருகும் என்பது ஒன்று. மின்தடை எப்போதும் அதை அடக்கும் என்பது மற்றொன்று.

தூத்துக்குடி மாணவனுக்கு இதை விளக்கத் தொலைவுக்குப் போக வேண்டாம். துறைமுகத்தை ஒட்டி 1979க்கும் 1992க்கும் இடையே 210 மெகாவாட் அலகுகள் ஐந்து நிறுவப்பட்டன. கப்பலில் வந்த நிலக்கரி மின்சாரமாகிக் கம்பிவழி உள்நாட்டுக்குச் சென்றது. கம்பி நீள நீளத் தூண்டல் மின்மறுப்பு கூடும். அனுப்பக்கூடிய திறன் குறையும். மிக நீண்ட தடங்களுக்குப் பொறியாளர் கண்ட மருந்து, கம்பியோடு தொடராக மின்தேக்கிகளை இணைப்பது. நம் நாட்டில் கான்பூர்–பல்லப்கர், ராய்ப்பூர்–ரூர்கேலா 400 கிலோவோல்ட் தடங்களில் இம்முறை உண்டு.

மருந்திலேயே நஞ்சும் இருக்கிறது. தூண்டலும் தேக்கியும் சேர்ந்தால் அது பாடநூலின் அதே சுற்றுதான். மொத்தத் தூண்டல் மறுப்பில் 40 சதவீதத்தை ஈடுசெய்வதாகக் கொள்வோம். 0.4இன் வர்க்கமூலத்தை 50ஆல் பெருக்கினால் 31.6 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் யாரும் தள்ளவில்லையே என்பீர்கள். தள்ள வேண்டியதில்லை. எங்கோ ஒரு மின்னல் தாக்கினால் போதும், அந்த அதிர்வெண்ணில் சிறிது ஓட்டம் எழும். அது மின்னியற்றிக்குள் விநாடிக்கு 31.6 சுற்று சுழலும் காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கும். ரோட்டரோ 50 சுற்று சுழல்கிறது. புலத்தை முந்தி ஓடும் ரோட்டர் அந்த ஓட்டத்துக்கு ஆற்றலை ஊட்டுகிறது. அதாவது, அங்கே மின்தடை எதிர்க்குறி பெறுகிறது! கம்பியின் தடையை அது மிஞ்சினால் ஓட்டம் தானே வளரும். (1940இல் விழுந்த டகோமா பாலத்தை ஊஞ்சல் கணக்கில் சேர்க்கும் நூல்களும் இதே பிழையைச் செய்கின்றன. காற்று தாளம் போட்டுத் தள்ளவில்லை. பாலத்தின் அசைவே காற்றிலிருந்து ஆற்றலை வாங்கிக்கொண்டது.)

இன்னொன்றும் உண்டு. 50இலிருந்து 31.6ஐக் கழித்தால் 18.4. டர்பைன்களையும் மின்னியற்றியையும் கோத்திருக்கும் நீண்ட எஃகுத் தண்டுக்கு முறுக்கதிர்வுக்கான இயல்பு அதிர்வெண்கள் பல. அவற்றுள் ஒன்று 18.4க்கு அருகே அமைந்துவிட்டால், தண்டும் கம்பியும் ஒன்றையொன்று ஊக்கி வளர்க்கும்.

அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து மோஹாவே அனல்மின் நிலையத்தில் 1970 டிசம்பரில் தண்டு இப்படித்தான் சேதமுற்றது. காரணம் விளங்காமலே பழுதுபார்த்து ஓட்டினார்கள். 1971 அக்டோபரில் மறுபடியும் அதே சேதம்! அங்கிருந்த பொறியாளர்கள் ஒத்ததிர்வுப் பாடம் படிக்காதவர்களா?

இதற்குக் கண்ட தீர்வுகளுள் எனக்குப் பிடித்தது, பரோடாவில் படித்த நரேன் ஹிங்கோரானியுடையது. 50 ஹெர்ட்ஸ் ஓட்டத்தில் அரைச் சுற்று 10 மில்லி விநாடி. மெதுவான ஓட்டம் கலந்தால் மின்தேக்கியின் மின்னழுத்தத்தில் சில அரைச் சுற்றுகள் நீளும். நீண்டவுடன் தைரிஸ்டர் திறந்து, எஞ்சிய மின்னூட்டத்தை ஒரு மின்தடை வழியே வடித்துவிடும். வளரும் முன்பே கிள்ளியாயிற்று. பின்னர் வந்த, தைரிஸ்டரால் கட்டுப்படும் தொடர் மின்தேக்கிகள் ஈட்டின் அளவையே நொடிக்கு நொடி மாற்ற வல்லவை.

அனல்மின் நிலையத்தோடு முடிந்த கதையன்று இது. 2009இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு தடம் அறுபட, காற்றாலைகள் தொடர் மின்தேக்கியுள்ள கம்பியின் முனையில் தனித்து நின்றன. அவற்றின் மின்னணுக் கட்டுப்பாடே அதிர்வை வளர்த்தது; கருவிகள் சேதமுற்றன. தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986லேயே காற்றாலைகள் சுழன்றன. இன்று மாவட்டமெங்கும் அவற்றைக் காணும் மாணவன் கையில் நாம் கொடுப்பது ஊஞ்சல் படம். வானொலிக் கணக்கை அடுத்து ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும், 0.4க்கு வர்க்கமூலம் காண அவனுக்கு எப்போதோ தெரியும்.