சாவடிப் பொறுப்பாளரின் கல்வி

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுவோருள் பலர், கல்லூரியில் சேரப் பரிந்துரைக் கடிதம் நாடியே வருவர். அவ்வாறு வந்த தந்தையும் மகளும் நம் முன்னிலையிலேயே வாதாடினர். மகள் மேலைநாட்டு வரலாறு பயில விரும்பினாள்; தந்தையோ மருத்துவமனை நிர்வாகமே பயில வேண்டும் என்றார். “சாமி, வரலாறு படித்து யாருக்கு வேலை கிடைக்கிறது?” என்பது அவர் வினா. மேசைமேல் கிடந்த கிரேக்கப் புதிய ஏற்பாட்டைக் கண்ட மகள், “இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும், சாமி?” என்றாள். “எங்கள் வேலைதான்” என்று கூறி நகைத்தோம். ஆயினும் அவ்விடை நமக்கே நிறைவு தரவில்லை.

கிரேக்கம், வரலாறு, மருத்துவமனை நிர்வாகம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்னும் எண்ணத்தையே ஈண்டுத் திறனாய விழைகிறோம். அதற்கு நாம் யாவரும் அறிந்த நல்ல சமாரியர் உவமையை (லூக்கா 10) எடுத்துக்கொள்வோம்.

நம் மறையுரைகள் பெரும்பாலும் குரு, லேவியர், சமாரியர் என்னும் மூவரோடு நின்றுவிடுகின்றன. நான்காமவர் ஒருவர் உண்டு. அவரே சாவடிப் பொறுப்பாளர். சமாரியர் மறுநாள் விடைபெற்றுச் செல்கிறார். காயமுற்றவரைப் பேணும் பொறுப்பு சாவடிக்காரர்மேல் விழுகிறது. அவர் கையில் இருப்பது 2 தெனாரியம், அதாவது ஒரு கூலியாளின் இரண்டு நாள் ஊதியம். அதற்கு மேற்படும் செலவுக்கு ஒரு வழிப்போக்கரின் வாக்குறுதி மட்டுமே பிணை. முன்பணம், செலவு, நிலுவை யாவும் இவ்வுவமையில் உள்ளன.

அந்த இடத்திற்கு லூக்கா இட்ட பெயர் ‘பான்டொக்கெயோன்’. ‘எல்லாரையும் ஏற்கும் இடம்’ என்பது அதன் வேர்ப்பொருள். பெத்லகேமில் திருக்குடும்பத்திற்கு இடம் கிடைக்காத இடத்தையோ அவர் ‘கட்டாலுமா’ என்னும் வேறு சொல்லால் சுட்டுகிறார். சீர்திருத்த சபையார் நெடுங்காலமாக வழங்கிவரும் தமிழ் விவிலியம் இரண்டிடத்தும் ‘சத்திரம்’ என்றே பெயர்த்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, உவமையில் ‘சாவடி’ என்றும் பெத்லகேமில் ‘விடுதி’ என்றும் வேறுபடுத்திக் காட்டியது போற்றத்தக்கது. எனினும் ‘எல்லாரையும்’ என்னும் உட்பொருள் எந்தத் தமிழ்ச் சொல்லிலும் ஏறவில்லை. நம் மலைக்கோட்டை நகரத்தார்க்கோ சத்திரம் என்றால் பேருந்து நிலையமே நினைவுக்கு வருகிறது!

மற்றொன்றும் நோக்கத்தக்கது. சமாரியர் தாம் செய்ததற்கும், பொறுப்பாளரிடம் செய்யச் சொன்னதற்கும் மூலத்தில் வினைச்சொல் ஒன்றே. பழைய மொழிபெயர்ப்பில் அது ‘பராமரித்தான்’, ‘விசாரித்துக்கொள்’ எனப் பிரிந்துபோயிற்று. அதே வேரில் பிறந்த ‘எப்பிமெலேத்தேஸ்’ என்னும் சொல், கிரேக்க நகரங்களில் பொறுப்பு வகித்த அலுவலரைக் குறித்தது. நோயாளரைப் பேணுவதும் நிர்வகிப்பதும் ஒரே சொல்லின் கிளைகளாய் இருந்தன என்பதைக் கிரேக்கமே நமக்குக் காட்டுகிறது.

அவ்விரண்டையும் தம் வாழ்வில் இணைத்தவர் புனித பெரிய பசிலியார். ஏதென்சில் பயின்றவர், கிரேக்க இலக்கியத்தால் இளைஞர் பயன்பெறும் முறைபற்றி நூல் எழுதியவர். 370இல் கப்பதோக்கியா நாட்டுச் செசரியாவின் ஆயரானார். இன்று அது துருக்கியில் கைசேரி எனப்படுகிறது. நகருக்கு வெளியே நோயாளர்க்கும் வழிப்போக்கர்க்கும் தொழுநோயாளர்க்கும் இல்லங்கள் எழுப்பினார். அப்பணிமீது குறைகூறல் எழுந்தபோது, ஆளுநர் எலியாசுக்கு வரைந்த மடலில் மருத்துவர், செவிலியர், சுமை விலங்குகள், வழித்துணைவர் எனத் தேவைகளை வரிசைப்படுத்தி விளக்கினார். இலக்கியம் கற்றவர் எழுதிய நிர்வாக மடல் அது!

நம் மண்ணிலும் இதற்கு ஒப்பானவை உண்டு. காவிரிக்கு அக்கரையில், திருவரங்கம் கோயிலில் ஆரோக்கியசாலை ஒன்று நடந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. தன்வந்திரி சந்நிதி இன்றும் அங்குள்ளது. திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையையும் அதன் பணியாளரையும் குறித்து வைத்திருக்கிறது. எனவே மேலைநாட்டு வரலாற்றை நம் வரலாற்றோடு ஒப்பிட்டுப் படித்தலே முறை.

ஆனால் இன்றைய பாடத்திட்டங்களின் நிலை என்ன? ஐரோப்பிய வரலாற்றுத் தாள்கள் சில, 1453இல் காண்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்ததிலிருந்தே தொடங்குகின்றன. பசிலியார் அவற்றுள் நுழைய வழியில்லை. மருத்துவமனை நிர்வாகம் பயில்வோர் கணக்கும் சட்டமும் காப்பீடும் கற்கின்றனர். மருத்துவமனை எதற்காகத் தோன்றிற்று என்னும் வினாவைச் சந்திப்பது அரிது. கிரேக்கமோ நம் பகுதியில் பெரும்பாலும் குருமடச் சுவர்களுக்குள் ஒடுங்கிவிட்டது. பழியைக் கல்லூரிகள்மேல் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. குருமடத்தில் கிரேக்கம் கற்ற நாமும் தேர்வு முடிந்ததும் நூலை மூடி வைத்தவர்களே.

இதனால் விளையும் இழப்பை ஓரிரவில் கண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த கூலித் தொழிலாளர் ஒருவரை மருத்துவமனை ஒன்றிற்கு அழைத்துச் சென்றோம். முன்பணம் செலுத்தினால்தான் படுக்கை என்றார் முகப்பில் இருந்த இளைஞர். அவர் கொடியவர் அல்லர். கற்பித்ததைப் பிழையின்றிச் செய்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் நல்ல சமாரியர் படம் மாட்டப்பட்டிருந்தது. பணத்தைச் செலுத்தினோம், படுக்கை கிடைத்தது. ஆயினும் அந்தப் படத்திற்கும் தம் பணிக்கும் உள்ள உறவை அந்த இளைஞருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும் என்னும் வினா நம்மை விட்டு அகலவில்லை.

கணக்கு வேண்டாம் என்பது நம் கருத்தன்று. மருந்துக்கும் மின்சாரத்திற்கும் ஊதியத்திற்கும் பணம் வேண்டும். கடனில் மூழ்கிய சாவடி யாரையும் ஏற்க இயலாது. ஆதலால் அந்தத் தந்தையின் விருப்பம் இழிவானதன்று. மகளின் விருப்பமும் வீணானதன்று. நிர்வாகம் கற்பவர் வரலாற்றையும், வரலாறு கற்பவர் கணக்கையும் ஓரளவேனும் அறியட்டும். இருவர்க்கும் அந்தக் கிரேக்கச் சொற்களின் பொருளையேனும் விளக்குவது குருக்களாகிய நம் கடமை.

ஒரிஜனும் புனித அகுஸ்தினாரும் சமாரியரைக் கிறிஸ்துவாகவும் சாவடியைத் திருச்சபையாகவும் கண்டனர். அவ்வாறாயின் பொறுப்பாளர் நாமே. திரும்பி வருபவர், நாம் மிகுதியாகச் செலவிட்டதைத் தருவதாகவே வாக்களித்துச் சென்றுள்ளார். 2 தெனாரியத்திற்கு மேல் நாம் ஒன்றும் செலவிடவில்லையெனில், அவர் நமக்குத் தருவதற்கு என்ன இருக்கும்?