விரலுக்கு எட்டும் யந்திரம்

முப்பது வருஷங்களுக்கு மேலாகப் புல்லட் மோட்டார் சைக்கிளின் வயிற்றைத் திறந்து மூடியே ஜீவனம் நடத்தி வரும் ஒரு மெக்கானிக்கின் பட்டறையில், வண்டிகளெல்லாம் இரவு முழுவதும் ஆறிக் குளிர்ந்து கிடக்கும் காலை வேளையில், கால் ஆடும் மரப் பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்துகொண்டு அவர் டேப்பட் சரிசெய்வதைப் பார்ப்பது, கச்சேரிக்கு முன்னால் தம்பூராவுக்குச் சுருதி கூட்டுவதைக் கேட்பதற்குச் சற்றும் குறையாத இன்பம் என்பது என் அபிப்பிராயம். யந்திரத்தின் வலப்பக்கத்தில், சிலிண்டரின் காலடியில், ஒரே ஒரு நட்டினால் பிடித்து நிறுத்தப்பட்ட சிறு மூடி ஒன்று உண்டு. அதைக் கழற்றினால், மேலே இருக்கும் வால்வுகளைத் திறப்பதற்காக டேப்பட்டின்மேல் நின்று ஏறி இறங்கும் இரண்டு புஷ்ராடுக் கோல்களின் அடிப்பாகம் கண்ணெதிரே பிரத்தியட்சமாகும். பிஸ்டனை அமுக்கத்தின் உச்சியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இரண்டு சின்ன ஸ்பேனர்களை உள்ளே நுழைத்து அரைக்கால் திருகு திருகுவார். பிறகு ஸ்பேனர்களைக் கீழே வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அந்தக் கோலைப் பிடித்து உருட்டுவார். கோல் தடையில்லாமல் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் இம்மியும் ஆடக் கூடாது. அளவு அவ்வளவுதான். அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று அவரைக் கேட்பவன், ரசத்துக்கு உப்பு எத்தனை கிராம் என்று பாட்டியைக் கேட்பவனுக்கு ஒப்பாவான்.

இந்த விரல் உருட்டலில்தான் அந்த வண்டியின் லட்சணம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. யந்திரத்தின் அந்தரங்கமான ஓர் இடைவெளியைச் சரிபார்க்கும் பொறுப்பை மனித ஸ்பரிசத்தின்மேல் ஏற்றி வைக்க ஒரு வடிவமைப்பாளன் துணிய வேண்டுமானால், அந்த யந்திரத்தை உபயோகிக்கப் போகிறவன்மேல் அவனுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்! உறுதியான வாகனம் என்றால் பழுதாகாத வாகனம் என்று பொதுவாக நினைக்கிறோம். பழுதாகாமை ஒரு குணம். பழுதானால் இன்ன இடத்தில் இன்ன நோவு என்று வாய்விட்டுச் சொல்வதும், சொன்ன இடத்தை விரலுக்கு எட்டும்படி வைத்திருப்பதும் முற்றிலும் வேறொரு குணம். 1980-களில் ஜப்பானியக் கூட்டுறவோடு நம் தெருக்களுக்கு வந்த 100 சி.சி. வண்டிகளிடம் முதல் குணம் ஏராளமாக இருந்தது என்பதைப் புல்லட் பக்தர்கள்கூட மறுக்க மாட்டார்கள். இரண்டாவது குணத்துக்குத்தான் நான் ரசிகன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் பிறந்த இந்த வண்டியை, எல்லைக் காவலுக்கு ஏற்றதென்று இந்திய ராணுவம் தேர்ந்தெடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியை நிறுவ, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் உற்பத்தி தொடங்கியது. தாய் ஆலையான ரெட்டிச் 1967இல் மூடப்பட்டது. புகுந்த வீட்டில் வாழ்ந்த பெண் பிறந்த வீட்டுக்குச் சீர் கொண்டு போனாற்போல, 1977இல் திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகப் புறப்பட்டன.

அந்த யந்திரத்தின் பலம் எங்கிருந்து வருகிறது என்று சற்று ஆராய்ந்தால், அது தன்னால் இயன்றதைவிடக் குறைவாகவே உழைக்கிறது என்ற ரகசியம் புலப்படும். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 90 மில்லிமீட்டர். ஆக 346 சி.சி. இத்தனை பெரிய வயிற்றை வைத்துக்கொண்டு அது தரும் சக்தி சுமார் 18 குதிரைத்திறன்தான். இதே அளவுள்ள இன்றைய யந்திரங்கள் சில இதைப்போல் இரண்டு மடங்கு தருகின்றன என்று எண்ணிப் பார்த்தால், இது இரண்டு மூட்டை தூக்கக்கூடிய ஆள் ஒரு மூட்டையோடு நிதானமாக நடந்து போகிற காட்சி. உள்ளே கனத்த ஃப்ளைவீல்கள். அவை ஒருமுறை சுழலத் தொடங்கிவிட்டால், பாரத்தோடு மேடு ஏறும்போதும் யந்திரம் மூச்சுத் திணறுவதில்லை. வெளியே வார்ப்பிரும்புச் சிலிண்டர். தேய்ந்தால் கடைந்து விட்டத்தைச் சற்றுப் பெரிதாக்கி, அடுத்த அளவுப் பிஸ்டனைப் போட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். லேத் இருக்கிற ஊர் எதுவாயினும் இந்த வேலை அங்கே நடக்கும்.

கியர்ப்பெட்டி யந்திரத்தோடு ஒட்டிப் பிறக்காமல், பின்னால் தனியாக போல்ட்டில் முடுக்கப்பட்ட தனிப் பெட்டியாக இருப்பதை நாகரிகக் குறைவென்று பரிகசித்தவர்கள் உண்டு. ஆனால் கியரில் கோளாறு என்றால் கியர்ப்பெட்டியை மட்டும் இறக்கலாம். யந்திரம் தன் இடத்தில் சும்மா இருக்கும். ஒரே வீட்டில் இரண்டு சமையற்கட்டு வைத்துக்கொண்ட அண்ணன் தம்பிகளின் சௌகரியம் இது. கிளட்சுக்கு ஒரு மூடி, தீப்பொறியை வேளையறிந்து தெறிக்கச் செய்யும் பாயிண்டுக்கு ஒரு மூடி, டேப்பட்டுக்கு முன்சொன்ன சிறு மூடி என்று, ஒன்றைத் திறப்பதற்கு மற்றொன்றைக் குலைக்க வேண்டாத அமைப்பு. பாயிண்டின் முகத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளியைப் பார்த்து, மூடியைப் போட்டு நிமிர்வதற்குள் பட்டறைப் பையன் வாங்கப் போன டீ வந்து சேர்ந்திருக்காது.

வாய்விட்டுச் சொல்லும் இந்தக் குணத்தின் உச்சக்கட்டம் வண்டியைக் கிளப்புகிற சம்பிரதாயம். ஹெட்லைட்டின் கூட்டில் ஓர் ஆம்பியர் மீட்டர் பதித்திருக்கும். அதைப் புதியவன் அலங்காரம் என்று நினைப்பான். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அமுக்கினால், உள்ளே பாயிண்ட் மூடும்போது மின்சாரம் ஓடி முள் ஒரு பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு மீளும். முள் நடுவுக்கு வந்த இடத்தில், டிகம்ப்ரஸர் லிவரைப் பிடித்துச் சிலிண்டரில் அடைபட்ட காற்றை வெளியே விட்டு, பிஸ்டனை உச்சியிலிருந்து ஒரு நூல் தாண்டச் செய்து, லிவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுப் பாதத்தையும் ஊன்றி ஒரே ஓர் உதை. இந்த வரிசையை அறிந்த ஒல்லியான பெரியவர் முதல் உதையில் கிளப்பிக்கொண்டு போவதையும், அறியாத பயில்வான் வியர்த்து விறுவிறுத்து நிற்பதையும் எந்தப் புல்லட் பட்டறையின் வாசலிலும் காணலாம். அவசரக்காரனை யந்திரம் திருப்பி உதைப்பதும் உண்டு. அந்த உதையைக் கணுக்காலில் வாங்கியவன் முள்ளைப் பார்க்க மறுபடி மறப்பதில்லை. தன் பிஸ்டன் இந்த நொடியில் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு வண்டியைத் தொடங்குகிற பாக்கியம் இன்றைக்கு எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

குறைகளை மறைப்பது ரசிகனுக்கு அழகாகாது. பழைய புல்லட் எண்ணெய் கசியும். கசியவில்லையென்றால் உள்ளே எண்ணெய் இல்லையென்று அர்த்தம் என்று அதன் அபிமானிகளே நிந்தாஸ்துதி செய்வார்கள். டிரம் பிரேக்குகள் வண்டியின் கனத்துக்கு முன்னால் சற்றே பணிவானவை. சரிவில் இறங்குகிறவன் அதை மனத்தில் வைத்துக்கொண்டே இறங்க வேண்டும். அதிர்வோ, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திவிடும் சுபாவம் கொண்டது. ஆகவே வாரம் ஒருமுறை ஸ்பேனரோடு வண்டியைச் சுற்றி வருவது உடைமையாளனுக்குக் கடமையாயிற்று. அப்படிச் சுற்றி வந்தவனுக்கு வண்டியின் ஒவ்வொரு மூட்டும் பரிச்சயமாயிற்று. குறையே இப்படிப் பழக்கத்துக்கு உபாத்தியாயராக அமைந்ததை நான் குறையென்று தள்ளவும் மாட்டேன், அதற்காக அந்தக் குறையைக் கும்பிடவும் மாட்டேன். நல்ல பிரேக் நல்ல பிரேக்தான்.

பழுது பார்ப்பதன் சுலபம் வண்டிக்குள் மட்டும் இருந்தால் போதாது. ஊருக்குள்ளும் இருக்க வேண்டும். பல பத்தாண்டுகள் அடிப்படை மாறாமல் வந்தபடியால், அப்பாவின் வண்டியிலிருந்து கழற்றிய பாகங்கள் பலவும் மகனின் வண்டியில் பொருந்தின. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடைகளிலும் புதுப்பேட்டையின் பழைய சாமான் குவியல்களிலும், கையில் ஒரு தேய்ந்த பாகத்தை வைத்துக்கொண்டு போனால், கடைக்காரர் பெயரைக்கூடக் கேட்காமல் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே கைவிட்டு ஜோடியை எடுத்துப் போடுவார். மாறாமையைச் சோம்பல் என்று பொருளாதார நிபுணர்கள் சொல்லலாம். அவர்கள் சொல்வதில் பாதி நியாயமும் இருக்கலாம்.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதைத் தொடர்ந்து, அந்த வார்ப்பிரும்பு யந்திரம் ஓய்வு பெற்றது; யந்திரமும் கியர்ப்பெட்டியும் ஒரே கூட்டில் குடியிருக்கும் புதிய அமைப்பு வந்தது. அதிலும் புஷ்ராடு உண்டு. ஆனால் எண்ணெயின் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் டேப்பட். அத்தகைய வண்டி ஒன்று முதன்முதலாக நம் மெக்கானிக்கின் பட்டறைக்கு வந்த அன்று நான் அந்தப் பெஞ்சில் இருந்தேன். வலப்பக்கத்தில், பழைய வண்டியில் அந்தச் சிறு மூடி இருக்கும் இடத்தைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பார்த்தார். “இதுக்கு டேப்பட் பாக்கற வேலையே இல்ல சார். ஆயில மாத்தி விட்டாப் போதும், நல்லா ஓடும்” என்றார். குரலில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. எண்ணெயை மாற்றி, கணக்கை எழுதி, வண்டியை அனுப்பிவிட்டு, இரவெல்லாம் ஆறிக் கிடந்த ஒரு பழைய வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அந்த ஒற்றை நட்டில் ஸ்பேனரை வைத்தார்.