சைரனில் தொடங்கும் பாட்டு

கனத்த கிட்டார்கள் மெல்ல அசைந்து வர, அவற்றின் மேல் விமானத் தாக்குதல் சைரன் ஓலமிடுகிறது. பிளாக் சபாத் குழுவின் ‘வார் பிக்ஸ்’ இப்படித்தான் தொடங்குகிறது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1970-இல், ‘பாரனாய்ட்’ இசைத்தட்டின் முதல் பாடலாக வந்தது. குழுவின் நால்வரும் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துப் பிள்ளைகள். இரண்டாம் உலகப் போரில் குண்டுகள் விழுந்த ஊர் அது. அவர்களுடைய பெற்றோர் தலைமுறைக்கு அந்தச் சைரன் வெறும் ஒலி அல்ல.

சைரன் அடங்கியதும் வருவதுதான் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் இடம். டோனி அயோமியின் கிட்டார் இரண்டே அடியில் நின்றுவிடும். டிரம்ஸில் பில் வார்டின் ஹை-ஹாட் தட்டு மட்டும் தாளத்தை எண்ணிக்கொண்டிருக்கும். அந்த வெற்றிடத்தில் ஆஸி ஆஸ்பர்னின் குரல் தனியே ஒலிக்கும். வாத்தியங்கள் விலகி நிற்பதால், ஒவ்வொரு சொல்லும் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் விழுகிறது.

கீசர் பட்லரின் வரிகள் சிப்பாயைப் பழிக்கவில்லை. போரை மூட்டிவிட்டு மறைந்துகொள்ளும் அரசியல்வாதிகளையும், ஏழைகளைச் சாக அனுப்பும் அவர்களுடைய கணக்கையுமே கேள்வி கேட்கின்றன. முடிவில் அந்த அதிகாரம் தீர்ப்பின் முன் மண்டியிடுகிறது.

2025 ஜூலை 5 அன்று, சொந்த ஊரின் வில்லா பார்க் அரங்கில், தங்கள் கடைசி நிகழ்ச்சியிலும் இதைப் பாடினார்கள். போர்கள் ஓயாதவரை இந்தப் பாட்டுக்கும் ஓய்வில்லை.