அகற்றும் கையும் அடையாளமிடும் கையும்

பண்டைக் கிரேக்கத்தையும் இலத்தீனையும் தாய்மொழியாய்ப் பேசுவார் இன்று உலகில் ஒருவரும் இலர். எனினும் அம்மொழிகளின் பழம்பெரும் நூல்களை ஆராய்வோர் நாடுதோறும் சங்கம் கண்டனர். அச்சங்கங்களை இணைத்து 1948-இல் பாரிசு நகரில் பிறந்தது செவ்வியல் ஆய்வுச் சங்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்பு. 1950-இல் பாரிசில் முதல் மாநாடு. பின்னர் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கொருமுறை கூடிக் கலைந்தனர். 2019-இல் இலண்டனிலும், 2025-இல் போலந்து நாட்டிலும் கூடினர். தமிழைச் செம்மொழியென இந்திய அரசு அறிவித்த அதே 2004-இல், பிரேசில் நாட்டு ஓரோ பிரெட்டோ நகரில் அவர்கள் மாநாடு நடந்தது. அவர்களுக்குச் செவ்வியல் என்றால் கிரேக்கமும் இலத்தீனுமே.

“தமிழுக்கு அங்கே இடமில்லையா?” என்று நம் இளைஞர்க்குச் சினம் எழலாம். எழட்டும். ஆனால் நாற்காலி கேட்குமுன், அதில் அமர்ந்திருப்போர் செய்யும் தொழில் யாது என்று பார்த்துவிடுவோம்.

அத்துறையில் எந்நாட்டில் எம்மொழியில் நூலோ கட்டுரையோ வெளிவரினும், அதனைத் தேடிப் பதியும் ஆண்டடைவு ஒன்று பிரெஞ்சு அறிஞர் மாரூசோவால் தொடங்கப் பெற்றது. சூலியத் எர்ன்ஸ்ட் என்னும் சுவிட்சர்லாந்து அம்மையார் பல பத்தாண்டுகள் அச்சுமையைத் தாங்கினார். கூட்டமைப்பின் செயலாளராகவும் இருந்தார். பொன்னாடையும் ஊர்வலமும் பெறாத பணி அது!

நமக்கும் ஒரு மன்றம் உண்டு. 1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர் மாநாடு கூடியபோது, தனிநாயக அடிகளார் முயற்சியால் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாயிற்று. 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. அதே ஆண்டில் அடிகளார் தமிழாய்வு நூல்களுக்கு ஓர் அடைவும் தொகுத்தளித்தார். 1968 சென்னை மாநாட்டையொட்டி எழுந்த சிலைகளைக் கடற்கரைக்குப் போவோர் யாவரும் அறிவர்; அந்த அடைவைக் கண்ணால் கண்டோர் எத்தனை பேர்? 1995 தஞ்சை மாநாட்டுக்குப் பின் அடுத்த மாநாடு 2015-இல். இருபதாண்டு உறக்கம்!

அடைவினும் அடிப்படையானது மூலபாடம். அலெக்சாந்திரியா நகரில், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், அரிஸ்டார்க்கசு என்ற அறிஞன் ஓமரின் காவியத்தை ஆராய்ந்தான். ஐயத்திற்குரிய அடியின் அருகே சிறு கோடொன்று இட்டான். அடியை ஏட்டிலேயே விட்டுவைத்தான். “இது ஓமர் வாக்கன்று எனக் கருதுகிறேன், நீயும் ஆராய்ந்து பார்” என்பதே அக்கோட்டின் பேச்சு. ஐயப்படுவதைக் கடமையெனக் கொண்ட நமக்கு இதைவிடத் தெளிந்த பாடம் வேண்டுமா?

அந்தச் சிறு கோட்டை நினைவில் நிறுத்திக் குற்றாலத்துக்கு வருவோம். 1954-இல் மறையும்வரை அங்கே வாழ்ந்தவர் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். சட்டம் பயின்றவர், புலவர்தம் உரைக்காட்டில் சிக்கிக் கிடந்த கவிதையை எளியோர் செவிக்கு விருந்தாக்கியவர். அருவி காணப் போனவர்கள் கம்பனையும் கேட்டுத் திரும்பினர். அத்தொண்டை மறைப்பது அழுக்காறு.

ஆனால் பதிப்பாசிரியராக அவர் செய்தது என்ன? கம்பன் நூலில் பிறர் பாடல்கள் புகுந்துள்ளன என்றார். உண்மையே. எவை பிறருடையவை என்பதை எதைக் கொண்டு துணிந்தார்? செவியைக் கொண்டு, இதயத்தைக் கொண்டு! ஓசை இடறினால் தள்ளினார். சொல் சுவைக்காவிடின் வேறு சொல் அமைத்தார். ‘கம்பர் தரும் ராமாயணம்’ சுவைஞர் ஒருவரின் தொகுப்பு என்ற அளவில் இனிது. இதுவே கம்பன், ஏனையது கலப்படம் என்னும் தீர்ப்பாக அதனை ஏற்பதெப்படி? வழக்குமன்றம் அறிந்தவர் சான்றின்றித் தீர்ப்புரைத்தார்.

இங்கிலாந்திலும் ஒருவர் இவ்வழி சென்றார். கிரேக்க, இலத்தீன் புலமையில் இணையற்ற பெந்திலி, மில்டனின் காவியத்தை 1732-இல் பதிப்பித்தார். நெல்லைச் சீமையின் வெள்ளகால் சுப்பிரமணிய முதலியார் ‘சுவர்க்க நீக்கம்’ எனத் தமிழாக்க முனைந்த அதே நூல்தான். பார்வையிழந்த கவிஞனை எவனோ ஏமாற்றிப் பொய்யடிகளைச் செருகினான் என்று பெந்திலி கற்பனை செய்தார், உலகம் நகைத்தது. ஆயினும் ஐயுற்ற அடிகளை அடைப்புக்குறிக்குள் விட்டுவைத்தார். தம் திருத்தங்களை ஓரத்தில் அச்சிட்டார். மில்டன் பிழைத்தான்.

“ஏடுகளே பிழை மலிந்தவை, சுவையன்றி வேறு துணை ஏது?” என்பர் இரசிகமணியின் அன்பர். பாதி உண்மை. கம்பன் காலத்து ஓலை எவரிடமும் இல்லை, ஊகமின்றிப் பதிப்பில்லை. ஊகத்தை ஊகமென்று காட்டுக என்பதே நம் வழக்கு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கம்பராமாயணப் பதிப்பு பாடவேறுபாடுகளைக் கீழே தருகிறது. வறண்ட பக்கங்கள்தாம், ஆனால் பதிப்பாசிரியரை மறுப்பதற்கான கருவியை அவரே நம் கையில் தந்துவிடுகிறார்.

1943-இல் கம்பனைப் பற்றி அண்ணா சொற்போர் நிகழ்த்தினார். எதிரே நின்றவர் சேதுப்பிள்ளை; மற்றொருமுறை சோமசுந்தர பாரதியார். இரு தரப்பும் நின்றது ஒரே மூலபாடத்தின்மேல். ஒருவர் தமக்கு ஒவ்வாத பாடலை “அது கம்பனுடையதன்று” எனத் தள்ளியிருந்தால் போர் ஏது, களம் ஏது?

தென்காசிக் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் அதனைக் காப்போரைப் பணிந்து வேண்டும் தமிழ்ச் செய்யுளைக் கல்லில் பொறித்தான். மன்னன் ஒருவன் இனி வருவோர் காலில் விழும் அருங்காட்சி! அச்செய்யுளில் சீர் ஒன்று இடறுகிறதென்று உளியோடு ஒருவர் வந்தால் ஊரார் வாளாவிருப்பரா? கல்லுக்குக் கிடைக்கும் காவல் ஓலைக்கு ஏன் இல்லை?

சென்னையிலுள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 41 பழந்தமிழ் நூல்களுக்குச் செம்பதிப்புத் திட்டம் வகுத்தது. நன்று. ஆயின் கம்பனும், தென்காசிப் பாண்டியன் அதிவீரராமனின் நைடதமும், மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியும் அக்கால எல்லைக்கு அப்பாற்பட்டவை. அவற்றுக்கு யாரை எதிர்பார்ப்பது? தென்காசித் தோழர்கள் குறவஞ்சியின் பழைய அச்சுகள் இரண்டை எதிரெதிரே வைத்து, வேறுபடும் சொல்தோறும் கோடிட்டு வரலாம். படிப்பகத்தில் ஒரு மேசையும் ஒரு பென்சிலும் போதும்.